எந்த நீலம் உண்மையான நீலம்?

கேள்வி: டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' ஓவியம் என்னிடம் மூன்று விதமாக இருக்கிறது. காலண்டரில் சுவர் மஞ்சளடித்துக் கிடக்கிறது. புத்தகத்தில் இடுப்புத் துணி ஊதாவாகத் தெரிகிறது. கைப்பேசியில் எல்லாமே பளீரென்று இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: காலண்டரை முதலில் தள்ளிவையுங்கள். அந்த மஞ்சள் உங்களை மட்டும் ஏமாற்றவில்லை. மூல ஓவியம் ஆம்ஸ்டர்டாமில், ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மஞ்சளடித்த மோசமான பிரதிகள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் பரவிக் கிடந்ததால், அருங்காட்சியகக் கடையில் விற்ற சரியான அஞ்சலட்டையைப் பார்த்தவர்கள், 'இது அசல் மாதிரி இல்லையே' என்று நம்ப மறுத்தார்களாம். அதன் பிறகுதான் நல்ல படத்தை அருங்காட்சியகத்தாரே எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

இடுப்புத் துணியின் நீலம் வேறு கதை. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லசூலி என்ற கல்லை அரைத்து எடுத்த அல்ட்ராமரைன் என்ற நீல நிறமி அது. அச்சகத்தில் வழக்கமாக நம்மிடம் இருப்பது சயான் (பச்சை கலந்த வெளிர்நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை மட்டும். நீலம் என்று தனி மை கிடையாது. சயான் புள்ளியும் மெஜந்தா புள்ளியும் சேர்ந்து கண்ணுக்கு நீலமாகத் தோன்ற வேண்டும். அல்ட்ராமரைனின் அடர்த்தியும் ஒளியும் ஒருசேர இந்தக் கலவைக்கு எட்டாது. மெஜந்தா ஒரு பிடி ஏறினால் ஊதா, இறங்கினால் சோகை பிடித்த நீலம். ஒருமுறை இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு புரூஃபை, அதாவது சோதனை அச்சை, சரியென்று கையெழுத்திட்டுவிட்டேன். காலையில் ஜன்னலோரம் எடுத்துப் பார்த்தால், மயில்கழுத்து நீலம் நாவற்பழ நிறத்துக்கு ஓடியிருந்தது. அச்சுப் பிளேட்டை மாற்றி முதலிலிருந்து ஓட்டினோம். அன்று முதல் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் நான் எதற்கும் ஒப்புதல் கொடுத்ததில்லை.

ஆகவே உங்கள் புத்தகத்தை முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். ஊதா கொஞ்சம் மிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். கைப்பேசி விஷயம் சுலபம்: பல திரைகளில் நிறத்தைத் தூக்கிக் காட்டும் அமைப்பு ஒன்று இருக்கும், அதை இயல்பு நிலைக்கு மாற்றுங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

பிறகு அருங்காட்சியகத்தின் தளத்திலிருந்தே படத்தை இறக்கி, முதலில் அவளுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். வெறும் சுவர்தானே என்று நினைக்காதீர்கள். அதில் ஓர் ஆணி, அதன் நிழல், பழைய ஆணிகள் பிடுங்கிய ஓட்டைகள் என்று அத்தனையும் வரைந்திருக்கிறார். நிறம் பிசகினால் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த வெளிறிய சுவர்தான். அங்கே மஞ்சளோ நீலமோ பூசியது போலத் தெரியாவிட்டால், அந்தப் பிரதியில் துணியின் நீலத்தையும் பெரும்பாலும் நம்பலாம்.