களையை அடக்கும் நெல் கடையில் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, இந்த முறை நாற்று விடாமல் புழுதியில் நேரடியாக நெல் விதைத்தேன். 20 நாளில் குதிரைவாலிப் புல் பயிரை மூடிவிட்டது. ஒருமுறை ஆள் விட்டுப் பறித்தும் மறுபடி கிளம்புகிறது. களையைத் தானே ஜெயிக்கும் நெல் வந்திருப்பதாக விதைக் கடைக்காரர் சொல்கிறார். அடுத்த பட்டத்துக்கு அதை வாங்கலாமா?

பதில்: அவர் சொல்வது பெரும்பாலும் களைக்கொல்லியைத் தாங்கும் ரகமாக இருக்கும். மருந்தடித்தால் புல் சாகும், நெல் தப்பிக்கும். அடிக்காவிட்டால் உங்கள் பழைய நெல்லைப் போலவே அதுவும் தோற்கும். விதையோடு மருந்தையும் சேர்த்து விற்க ‘களையை ஜெயிக்கும்’ என்று பெயர் சூட்டுவது ஏமாற்று. வயலில் களைநெல், அதாவது களையாகத் தானே முளைக்கும் நெல், இருந்தால் இன்னும் மோசம். அதுவும் நெல் சாதிதானே, மகரந்தம் வழியே தாங்கும் குணம் அதற்கும் போய்விடும். அமெரிக்காவில் 2002-இல் இப்படியொரு நெல் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அந்த மருந்துக்கு அசையாத களைநெல்லும் வந்துவிட்டது.

உண்மையிலேயே களையை அடக்கும் ரகம் முதல் மாதத்திலேயே இலை விரித்து, தூர் கட்டி, மண்ணுக்கு நிழல் போட்டுவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் ஆசிய நெல்லையும் ஆப்பிரிக்க நெல்லையும் கலந்து நெரிகா ரகங்களை உருவாக்கியபோது ஆப்பிரிக்க நெல்லிடம் தேடிய குணங்களில் இதுவும் ஒன்று. மற்றபடி, 1966-இல் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் ரகம் வந்த பிறகு எல்லோரும் குட்டைப் பயிரின் பின்னால் போனார்கள். தேர்வு நடந்ததெல்லாம் ஒரு புல்கூட இல்லாத சோதனை வயலில்; போட்டி போடத் தெரியாத செடியும் அங்கே முதலிடம் வாங்கும். நடவு செய்தவரை இந்தக் குறை வெளியே தெரியவில்லை. நாற்றுக்கு மூன்று வாரம் மூப்பு இருந்ததே! நேரடி விதைப்பில் நெல்லும் புல்லும் சேர்ந்தே முளைக்கின்றன.

ரகம் பார்க்கக் கதிர் முற்றிய வயலுக்குப் போகாதீர்கள். விதைத்த 2-ஆம் வாரமும் 4-ஆம் வாரமும் போய், எது வேகமாக மண்ணை மூடுகிறது என்று பாருங்கள்.

சரி, என்னிடம் கேட்டிருக்க வேண்டியது விதையைப் பற்றி. எந்த ரகமானாலும், கனமான விதையில் சேமிப்பு அதிகம். அதனால் முதல் இலைகள் பெரிதாக வரும். புல்லை முந்த அந்தத் தொடக்க வேகம்தான் வேண்டும். புது முட்டை மிதக்கும் வரை தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து விதையைக் கொட்டிக் கிளறுங்கள். மேலே வரும் பதரையும் பாதி நிரம்பிய மணியையும் தயங்காமல் அள்ளி எறியுங்கள். அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். உப்பு நின்றால் முளைப்பு கெடும். மூட்டையில் சான்று அட்டை இருக்கிறதே என்று இதை விடாதீர்கள். முளைப்புத் திறன் பரிசோதனையில் பாதி நிரம்பிய மணியும் தேறிவிடும், வயலில் திணறும். முளைப்பு ஊக்கி என்று புட்டியில் விற்பதை வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள், புட்டி தேவைப்படாது.

அப்புறம், விதைக்கும் முன் ஒரு தண்ணீர் விட்டு, புல் முளைத்ததும் மேலாக உழுது அழித்துவிடுங்கள். ஆழ உழுதால் கீழே கிடக்கும் புல் விதை மேலே வரும்.

இப்போதுள்ள பயிருக்கு இன்னொரு கை களை எடுத்தே ஆக வேண்டும். மேலுரத்தை அதற்குப் பிறகு போடுங்கள்.