நெப்ராஸ்கா தாத்தாவை பாட்டி பேர்ல தேடிப் பாருங்க

வணக்கம் சார். பேத்தியைப் பார்த்துக்க ஒமாஹா வந்திருக்கேன், மருமகள் இந்த ஊர்ப் பொண்ணு. அவளோட எள்ளுத்தாத்தா ஜெர்மனியில இருந்து வந்து நெப்ராஸ்காவுல விவசாயம் பண்ணவராம். 1880 சென்சஸ்ல மனைவி, 4 பிள்ளைங்களோட இருக்கார், 1900ல அந்தம்மா விதவைனு இருக்கு, நடுவுல ஒண்ணுமே இல்ல. இறப்பு சான்றிதழும் கிடையாதாம். கப்பல்ல வந்து குடியேறுறவங்களை நியூயார்க்ல பதிவு பண்ணின எல்லிஸ் தீவுல பேரை மாத்திட்டாங்க, இனி கிடைக்காதுனு மருமகளோட சித்தப்பா சொல்றார். விட்டுடலாமா?

-- ஒரு வாசகி

வணக்கம்மா,

தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. 1890 சென்சஸ் தாள்ல பெரும்பகுதி இப்ப யார்கிட்டயும் இல்ல, 1921 ஜனவரியில வாஷிங்டன்ல வச்சிருந்த கட்டடத்துல தீ பிடிச்சு கொஞ்சம் எரிஞ்சு, அணைக்க அடிச்ச தண்ணியில நிறைய நனைஞ்சு, மிஞ்சினதை பிறகு அரசாங்கமே அழிச்சிடுச்சு. சான்றிதழும் அப்படித்தான், நெப்ராஸ்காவுல மாநில அளவுல பிறப்பு இறப்பு பதிவு தொடங்கினதே 1904ல. எல்லிஸ் தீவு கதையை நம்பவே நம்பாதீங்க, அது திறந்தது 1892ல, 1880லயே நெப்ராஸ்காவுல ஏர் ஓட்டினவர் அங்க எப்படி இறங்கியிருப்பார்? பேரை வீட்டுக்கு வந்த சென்சஸ்காரர் காதுல விழுந்தபடி எழுதினார், அதான் பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்பெல்லிங்.

உங்க நல்ல நேரம், 1885ல நெப்ராஸ்காவுல தனியா ஒரு சென்சஸ் எடுத்தாங்க, எல்லா மாநிலத்துக்கும் இந்த கொடுப்பினை கிடையாது. முதல்ல அதைப் பாருங்க. அவர் பேர் வரலைனா 1880ல அவருக்கு மேல பத்து வீடு கீழ பத்து வீடு யார் இருந்தாங்கனு எழுதி வச்சிட்டு அந்தப் பேரை எல்லாம் தேடுங்க, ஒரே ஊர்ல இருந்து சேர்ந்து வந்தவங்க பக்கத்து பக்கத்துலதான் குடியேறுவாங்க.

ஆனா என் மனசு போறது நிலத்து ஃபைல் மேலதான். குடியேறி விவசாயம் பண்றவங்களுக்கு அரசாங்க நிலத்தைக் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி அவர் நிலம் எடுத்திருந்தா, அப்ப 160 ஏக்கர் வரைக்கும் கொடுப்பாங்க, அஞ்சு வருஷம் அங்கயே குடியிருந்து பயிர் பண்ணணும், பிறகு சாட்சியோட ஆபீஸ்ல போய் நிரூபிக்கணும். நான் பார்த்த ஒரு ஃபைல்ல புல் வேரோட மண்ணை செங்கல் மாதிரி வெட்டி அடுக்கின வீடு, 14க்கு 18 அடி, ஒரு கதவு, ரெண்டு ஜன்னல், ஒரு கிணறு, 40 ஏக்கர் உழுதாச்சுனு பக்கத்து நிலத்துக்காரர் சொல்லியிருக்கார், கீழ கையெழுத்துக்கு பதிலா ஒரு பெருக்கல் குறி, பக்கத்துல இது இவரோட அடையாளம்னு கிளார்க் எழுதியிருக்கார். அந்தக் குறியை பார்த்துட்டு நான் ரொம்ப நேரம் அடுத்த பக்கத்துக்குப் போகல. வெளிநாட்டுல பிறந்தவர்னா குடியுரிமை பேப்பரோட நகலும் அதுலயே இருக்கும். நெப்ராஸ்கா ஃபைல் எல்லாம் இப்ப ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல இருக்கு.

இதுல ஒரு விஷயம் நிறைய பேர் தவற விடுறாங்க. அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள அவர் செத்திருந்தா அந்தம்மாதான் நிரூபிச்சு பட்டா வாங்கியிருப்பாங்க, அப்ப நிலம் அவங்க பேர்லதான் வரும், அவர் எப்ப செத்தார்னு அவங்க வாயாலயே சொன்னதும் அதுல இருக்கலாம். நீங்க தாத்தா பேரையே போட்டுத் தேடிட்டு இருக்கீங்கனு நினைக்கிறேன்.

இன்னொண்ணு, 1900 தாளை மறுபடி எடுங்க. அந்தம்மா வரியில பெத்த பிள்ளைங்க எத்தனை, உயிரோட இருக்கறது எத்தனைனு ரெண்டு கட்டம் இருக்கும். 1880ல 4 பேர்னு எழுதியிருக்கீங்க. முதல் கட்டத்துல அதைவிட பெரிய நம்பர் இருந்தா, மிச்ச பிள்ளைங்க 1880க்கு முன்னாடியே இறந்ததா, வீட்டை விட்டுப் போயிட்டதா, அதுக்கு அப்புறம் பிறந்ததானு பாருங்க, கடைசியா பிறந்த பிள்ளையோட வயசு தெரிஞ்சா அவர் எந்த வருஷம் வரைக்கும் இருந்தார்னு ஒரு பிடி கிடைக்கும். மருமகளோட உக்காந்து பாருங்க, என்ன நம்பர்னு எனக்கும் எழுதுங்க.