முதல் காராகப் பழைய மஸ்டாங் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, மிச்சிகனுக்கு வந்து ஆறு வாரமே ஆன நீங்கள் வாடகை, பள்ளி, குளிர்கால உடை என்று பலவற்றைக் கேட்டுவிட்டு, மனைவிக்கும் மகனுக்கும் பிடித்துப்போன 1966 ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை முதல் காராக வாங்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். மற்றவற்றை உங்கள் அலுவலக நண்பர்களே சொல்லிவிடுவார்கள். கடைசி வரிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்: அந்தக் காரை வாங்குங்கள், ஆனால் முதல் காராக வாங்காதீர்கள்.

1998 ஜனவரியில் நான் டெட்ராய்ட் அருகே உள்ள டியர்பர்னுக்கு வந்தேன். அந்த ஆகஸ்டு மூன்றாம் சனிக்கிழமை, உட்வர்டு சாலையில் ஃபெர்ன்டேலிலிருந்து பாண்டியாக் நகர் வரை பழைய கார்கள் வரிசையாகப் போனதைப் பார்த்து மனம் பறிகொடுத்து, செப்டம்பரிலேயே சிவப்பு மஸ்டாங் ஒன்றை வாங்கிவிட்டேன். விற்றவர் நம் ஊர்க்காரர் என்பதால், அவர் எதிரில் காருக்கு அடியில் படுத்துப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. முதல் மழையிலேயே மனைவியின் காலடியில் தண்ணீர் தேங்கியது. விரிப்பைத் தூக்கியபோது, தகரம் இருக்கவேண்டிய இடத்தில் பட்டி பூசி மறைத்த ஓட்டைகள் இருந்தன. அதைவிடக் கொடியது பிரேக். ஆறு சிலிண்டராகப் பிறந்த அந்தக் காரில் யாரோ எட்டு சிலிண்டர் கொண்ட வி8 இன்ஜினைப் பொருத்திவிட்டு, ஆக்சிலையும் சிறிய டிரம் பிரேக்குகளையும் பழையபடியே விட்டிருந்தார்கள். ஈரச் சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்காமல் சந்திப்பின் நடுவே போய் நின்றோம். பின்னிருக்கையில் எங்கள் இரண்டு வயது மகள் இருந்தாள். அந்த நொடி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆகவே கூச்சப்படாதீர்கள். முதலில் சக்கர நட்டுகளை எண்ணுங்கள்: அந்த ஆண்டு ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்கு நான்கு, வி8க்கு ஐந்து. வி8 இருந்தும் நட்டு நான்கு என்றால், என் காரைப் போலவே இன்ஜினை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பானெட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்கத்து உள் ஃபெண்டரில், அதாவது சக்கரத்தை மூடும் தகட்டில், பொறித்த வாகன அடையாள எண்ணைப் படியுங்கள். அதன் ஐந்தாவது எழுத்து டி (T) என்றால் தொழிற்சாலை வைத்தது 200 கன அங்குல ஆறு சிலிண்டர், சி (C) அல்லது ஏ (A) என்றால் 289 கன அங்குல வி8. வைப்பருக்குக் கீழே காற்று புகும் பெட்டிக்குள் இலைச்சருகு தங்கித் தகடு துருவேறும். வெளியிலிருந்து அது தெரியாது. அங்கே ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றி, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒழுகினால், பற்றவைத்த புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்துத் தகடுகளைப் பிரித்துத்தான் சரிசெய்யவேண்டும், அது வாரக்கணக்கான வேலை. டெட்ராய்ட் நகருக்கு அடியில் சுமார் 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கமே இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் பனியை உருக்கச் சாலையெங்கும், இரும்பை அரிக்கும் உப்பு கொட்டப்படும் இம்மாநிலத்தில், இங்கேயே ஓடிய காரின் அடிப்பாகத்தை விற்பவர் வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடக் கூடாது. ஊரில் எஃப்.சி.க்குக் கொண்டுபோவதுபோன்ற அரசுச் சோதனை இங்கே கிடையாது என்பதால் நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

வரலாற்று வாகனம் என்ற நம்பர் பிளேட் மலிவானதுதான். ஆனால் அதைப் பொருத்தினால் கண்காட்சி, கார் சங்க ஊர்வலம் போன்றவற்றுக்கு ஓட்டலாமே தவிர, ஆகஸ்டு மாதம் நீங்கலாக, தினமும் அலுவலகம் போய்வர முடியாது. சாதாரணக் கார் முதலில் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கிய பின் எதை மாற்றுவது என்பதில் நம்மவர்கள் பலருடன் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. அகலமான சக்கரம், அதிரும் சைலன்சர் என்று தொடங்குகிறார்கள். பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் 1966 மாடலுக்கு ஒரே அறைதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரட்டை அறைகொண்ட சிலிண்டர், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், தோளைத் தாங்கும் சீட் பெல்ட் ஆகிய மூன்றையும் முடித்த பிறகே கார்புரேட்டரைத் தொடவேண்டும். அசல் கெட்டுவிட்டது என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பொறியியல் படித்துவிட்டு ஏன் கிரீஸ் கையோடு நிற்கிறாய் என்று கேட்ட நண்பர்களுக்கும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் அந்தக் கையை யாரும் குறைவாக நினைத்ததில்லை. கோவையில் அப்பா வைத்திருந்த பட்டறையில், பெட்ரோல் செலவு தாளாத ஒரு மில் முதலாளியின் பிளிமத் காருக்கு அவர் டீசல் இன்ஜின் பொருத்தியதைச் சிறுவனாக நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். 2006 இல் அவர் இங்கு வந்தபோது, நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டு, தண்ணீர் பம்பின் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொன்னார். பிரித்துப் பார்த்தோம், அப்படியே இருந்தது. அந்தக் கோடையில் பத்து வயது மகளுக்கு அவர் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், சரியாக வைக்கக் கற்றுக்கொடுத்தார். அதைப் பார்க்க உதவும் டைமிங் விளக்கைப் பேத்தி பிடிக்க, டிஸ்ட்ரிபியூட்டரைத் தாத்தா மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். இருக்கை உறைகளை மனைவியே தைத்தார். அப்பா இப்போது இல்லை, அந்த ஸ்க்ரூடிரைவர் என் கராஜில் இருக்கிறது. மகள் தன் சொந்தச் சம்பளத்தில் 1972 செவ்ரலே நோவா கார் ஒன்றை வாங்கி, அதன் தரைத்தகட்டைத் தானே வெல்டிங் செய்து மாற்றிவிட்டாள்.

சனிக்கிழமை நீங்கள் பார்க்கப்போவதாக இருந்தால் சொல்லுங்கள். நானும் அவளும் ஜாக்கி, டார்ச், ஒரு குடம் தண்ணீர் ஆகியவற்றோடு வருகிறோம். அதுவரை விற்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.