கேதார்காந்தாவில் பனிக்கால முகாம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

உத்தரகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கும் கேதார்காந்தா மலைச் சிகரத்துக்குப் பனிக்காலத்தில் நண்பர்களோடு நான்கு முறை போய்வந்திருக்கிறேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சிகரத்தைப் பற்றியவை. என்னைக் கேட்டால், அங்கே பயந்து மதிக்க வேண்டியது சிகரத்தை அல்ல, இரவைத்தான். அதனால் இரவைப் பற்றிய கேள்விகளுக்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர். வெள்ளியங்கிரி மூன்று முறை ஏறியிருக்கிறோம். அந்தப் பழக்கம் போதுமா அக்கா? (கோவை)

கால்களுக்குப் போதும் தம்பி. நுரையீரலுக்கும் தோலுக்கும் போதாது. நடை தொடங்கும் சாங்க்ரி கிராமம் ஏறக்குறைய 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் ஜூடா கா தாலாப் என்ற ஏரிக்கரை, அடுத்த நாள் சுமார் 3,400 மீட்டரில் முகாம், மூன்றாம் நாள் விடியலில் 3,810 மீட்டர் உச்சி. விடுப்பு இல்லை என்று ஒரு நாளைக் குறைக்காதீர்கள். மலையின் உயரத்துக்கு உடல் பழக அந்த இரவுகள் தேவை.

எப்படிப் போவது? (திருச்சி)

டேராடூனிலிருந்து சாங்க்ரிக்குச் சாலை வழியே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மலைப்பாதை என்பதால் ஒரு முழுப் பகல் போய்விடும். வழியில் புரோலாவிலேயே பணம் எடுத்துக்கொள்ளுங்கள். மலை கோவிந்த் சரணாலயப் பகுதிக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி வேண்டும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். பனி மூடிவிட்டால் பாதை என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது.

ஸ்லீப்பிங் பேக் நல்லதாகவே வாங்கினேன். ஆனாலும் போன வருடம் வேறொரு மலையில் விடிய விடிய நடுங்கினேன். எங்கே தவறு? (சென்னை)

பெரும்பாலும் தவறு கீழேதான் இருக்கும். நாம் படுக்கும்போது நம் எடையில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுகிறது. பிறகு தரை நேராக உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஸ்லீப்பிங் பேக்கில் செலவு செய்கிறவர்கள் அதற்கு அடியில் போடும் விரிப்பில் மிச்சம் பிடிக்கிறார்கள். இரண்டு விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள்.

இரண்டாவது, ஈரம். முகாமை அடைந்ததும் உட்காராதீர்கள். வியர்த்த பனியனையும் காலுறையையும் உடம்புச் சூடு இறங்குவதற்குள் மாற்றுங்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கும். கம்பளியோ பாலியெஸ்டரோதான் வேண்டும். தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி கம்பளிக் காலுறையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருங்கள், அதை அணிந்து ஓரடிகூட நடக்காதீர்கள்.

படுக்கும் முன் வெந்நீரைக் கசியாத பாட்டிலில் ஊற்றி, ஒரு காலுறைக்குள் நுழைத்துப் பாதத்தருகே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அதுவே உறையாத குடிநீர். வெளியே வைக்கும் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துங்கள். மேலேதான் முதலில் உறையும் என்பதால் மூடிப்பக்கம் தண்ணீராகவே இருக்கும். கைப்பேசி, பேட்டரி எல்லாம் உங்களோடு உள்ளேயே தூங்கட்டும். முகத்தை மட்டும் உள்ளே இழுத்து மூடிக்கொள்ள வேண்டாம், மூச்சின் ஈரம் பஞ்சில் இறங்கிவிடும்.

கூடாரத்துக்குள் கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா? (சேலம்)

கூடாது. கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கேஸ் அடுப்புக்கும் இதே விதிதான்.

சோறு வேகுமா? (மதுரை)

3,400 மீட்டரில் தண்ணீர் 89 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அரிசி வேகவே வேகாது என்றில்லை, எரிபொருளைத் தின்றுவிடும். வறுத்த ரவையும் சேமியாவும் கொண்டுபோங்கள். நெய்யைக் கஞ்சத்தனம் இல்லாமல் ஊற்றுங்கள். படுக்கப் போகும்போது இரண்டு கடலை மிட்டாய் சாப்பிட்டால் இரவில் உடம்பு எரித்துச் சூடாக்க ஏதாவது இருக்கும். பியூட்டேன் மட்டுமே உள்ள கேஸ் குப்பி உறைநிலையில் ஆவியாகாது. புரோப்பேன் கலந்ததைக் கேட்டு டேராடூனிலேயே வாங்குங்கள், விமானத்தில் குப்பியை ஏற்ற விடமாட்டார்கள்.

கொஞ்சம் ரம் குடித்தால் குளிர் போகும் என்கிறார்களே? (புதுச்சேரி)

தோல் சூடாவதுபோல் இருக்கும், உள்ளிருக்கும் சூடு வெளியேறும். வேண்டாம்.

கூட வரும் ஒருவருக்கு முடியவில்லை என்றால் அவரை முகாமில் விட்டுவிட்டு மற்றவர்கள் உச்சிக்குப் போகலாமா? (ஈரோடு)

தனியாக விடாதீர்கள். தலைவலியும் குமட்டலும் இருந்தால் அதற்குமேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இரவென்றும் பாராமல் கீழே இறக்க வேண்டும்.

என் இரண்டாவது பயணத்தில் ஒரு தோழி ஜாக்கெட்டின் ஜிப்பை மாட்ட முயன்றுகொண்டே இருந்தாள். கேட்டால், "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றாள். ஜிப்பின் கீழ் முனை அதன் பல்லில் சேரவே இல்லை. விரல்கள் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. சட்டையைத் தொட்டுப் பார்த்தேன், முதுகெல்லாம் ஈரம். உலர்ந்த உடை மாற்றி, ஸ்லீப்பிங் பேக்கில் படுக்கவைத்து, சர்க்கரை தூக்கலாகத் தேநீர் கொடுத்தோம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஒழுங்காகப் பேசினாள். மறுநாள் எல்லோருமே சாங்க்ரிக்கு இறங்கினோம். குளிர் ஏறியவருக்குத் தன் நிலை தெரியாது. அதனால் இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஜனவரியில் கல்லூரித் தோழிகளோடு போகிறாள். எனக்குத் தூக்கமே இல்லை. அனுப்பலாமா அம்மா? (தஞ்சாவூர்)

அனுப்புங்கள் அம்மா. ஆனால் அவள் கிளம்பும் முன் வழிகாட்டியின் எண், எந்த நாள் எங்கே முகாம், சாங்க்ரிக்குத் திரும்பும் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலைமேல் கைப்பேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது, பனி விழுந்து சாலை அடைபட்டால் ஒரு நாள் தாமதமாகலாம். அந்த ஒரு நாளையும் சேர்த்தே ரயில் டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். டிக்கெட்டுக்குப் பயந்து யாரும் பனியில் அவசரமாக இறங்கக் கூடாது.