முட்டுக்காட்டில் தொலைந்த நாலு கிலோமீட்டர்

கேள்வி: எனக்கு 46 வயது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். ஞாயிறு காலையில் தோழிகளோடு திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை போய்த் திரும்புவோம். போன வாரம் ஒன்றாகவே போய்வந்தும் தோழியின் போன் 41 கி.மீ. காட்டியது, என்னுடையது 37. என்னுடையது நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன். எந்த ஆப்புக்கு மாறலாம்? காசு கட்டித்தான் ஆக வேண்டுமா? போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டலாமா?

பதில்: ஆப் ஸ்டோரில் 'பைக் ரைடு' என்று மட்டும் தேடிவிடாதீர்கள். நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள்தானே, பைக் டாக்ஸி ஆப்கள் வரிசை கட்டி வந்து நிற்கும். 'சைக்கிளிங் டிராக்கர்' என்று தேடினால் நமக்கு வேண்டியது வரும். ஆனால் தேடுவதற்கு முன்னால் அந்த நாலு கிலோமீட்டர் எங்கே போனது என்று பார்த்துவிடுவோம். ஆப்பை மாற்றியும் அது திரும்பி வராமல் போகலாம்.

இந்த ஆப்கள் எல்லாம் செய்வது ஒரே வேலைதான். ஒவ்வொரு நொடியோ, சில நொடிக்கு ஒரு முறையோ நீங்கள் இருக்கும் இடத்தைப் புள்ளியாகக் குறித்துக்கொள்கின்றன. பிறகு புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, கோட்டின் நீளத்தைத் தூரம் என்கின்றன. திறந்த வானத்தின் கீழே போனின் ஜி.பி.எஸ். ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். அந்த ஐந்து மீட்டர் தடுமாற்றம் கோட்டைக் கொஞ்சம் கோணலாக்கும், தூரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கூடக் காட்டும். நாலு கிலோமீட்டரை விழுங்காது. அப்படியானால் உங்கள் ஆப் கொஞ்ச நேரம் புள்ளியே வைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எங்கே தூங்கியது என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். உங்கள் வழி பெரும்பாலும் நேர்ச்சாலை. நீலாங்கரையில் தூங்கி ஈஞ்சம்பாக்கத்தில் விழித்திருந்தால், பெரும்பாலான ஆப்கள் நடுவில் ஒரு நேர்கோட்டைப் போட்டுச் சமாளித்துவிடும், தூரம் அதிகம் குறையாது. திரும்பும் இடத்தில் தூங்கினால்தான் ஆபத்து. முட்டுக்காட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் தூங்கி, நீங்கள் டீ குடித்துவிட்டு அதே இடத்தைத் தாண்டி வரும்போது விழித்தால், போன இரண்டும் வந்த இரண்டும் சேர்ந்து நாலு காணாமல் போகும். அந்த ரைடின் வரைபடத்தைத் திறந்து தெற்கு முனையைப் பாருங்கள். கோடு படகுத்துறை வரை போகாமல் கானத்தூர்ப் பக்கமே திரும்பியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. முனை சரியாக இருந்து, கோடு திருவான்மியூருக்குப் பதில் பாலவாக்கத்தில் ஆரம்பித்திருந்தால் விஷயம் வேறு: செயற்கைக்கோள் பிடிபடுவதற்கு முன்பே கிளம்பியிருக்கிறீர்கள். திறந்த வெளியில் அரை நிமிடம் நின்று, ஜி.பி.எஸ். கிடைத்துவிட்டது என்று திரை காட்டிய பிறகு 'ஸ்டார்ட்' அழுத்தினால் போதும். மலைப்பாதையில் கணக்கு இன்னும் மோசமாகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே ஆப் கண்ணயர்ந்தால், நாலைந்து வளைவுகளைக் குறுக்கே வெட்டி ஒரு கோடு போட்டுவிடும்.

தூங்க வைப்பது பெரும்பாலும் ஆப் இல்லை, போன்தான். திரை அணைந்ததும் பின்னணியில் ஓடுகிற ஆப்களை பேட்டரி மிச்சம் பிடிக்க நிறுத்திவிடுகிற வழக்கம் பல ஆண்ட்ராய்டு போன்களில் உண்டு. செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய், பேட்டரி என்ற இடத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். சில போன்களில் இதற்கு 'நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று பெயர், சிலவற்றில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக ஒரு பொத்தானும் இருக்கும். லொகேஷன் அனுமதியில் 'ப்ரிசைஸ்' ஆன் ஆகியிருக்க வேண்டும். ரைடு போகும்போது பேட்டரி சேவரை அணைத்துவிடுங்கள். 'ஆட்டோ பாஸ்' என்பதையும் ஒரு மாதம் அணைத்துப் பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது அதுவாக நிறுத்தும், சில நேரம் மறுபடி கிளம்ப மறந்துவிடும். இவ்வளவும் செய்து அடுத்த ஞாயிறு அதே வழியில் போய்வாருங்கள். என் கணிப்பில் நாலில் மூன்று பங்காவது திரும்பி வந்துவிடும்.

சரி, ஆப்புக்கு வருவோம். உங்கள் தோழிகள் எதில் இருக்கிறார்கள்? ஸ்ட்ராவாவாக இருந்தால் பேசாமல் அதிலேயே சேர்ந்துவிடுங்கள். 2009-இல் தொடங்கிய அந்த ஆப்பின் பலம் பதிவில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. யார் எங்கே ஓட்டினார்கள், யாருக்கு யார் 'குடோஸ்' (பாராட்டு) கொடுத்தார்கள் என்பதுதான் அதன் உயிர். சாலையைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் யார் எவ்வளவு வேகத்தில் கடந்தார்கள் என்று பட்டியல் போடும் 'செக்மென்ட்' வசதிதான் அதைப் புகழாக்கியது. அந்தப் பட்டியலை முழுதாகப் பார்ப்பதை 2020 மே மாதத்தில் கட்டணத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அதற்காகக் காசு கட்ட வேண்டுமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். பதிவு, தூரம், வரைபடம் எல்லாம் இலவசத்திலேயே கிடைக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: காலை ஏழு மணிக்கு மேல் அந்தச் சாலையில் செக்மென்ட் பட்டியலுக்காகச் சிக்னலைத் தாண்டி மிதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டியல் கண்ணில் படாமல் இருப்பதே நல்லதோ என்று தோன்றும்.

புது வழிகளைக் கண்டுபிடித்து ஓட்டும் ஆசை வந்தால் கொமூட், ரைட் வித் ஜி.பி.எஸ். இரண்டும் அதற்கென்றே செய்தவை. கொமூட் ஜெர்மனியிலிருந்து வந்தது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் மேல் நிற்கிறது. தன்னார்வலர்கள் வரைகிற வரைபடம் என்பதால் நம் கிராமத்துச் சாலைகள் ஓரிடத்தில் அற்புதமாக இருக்கும், பக்கத்து ஊரில் மொட்டையாக இருக்கும். நீண்ட ரைடு, ப்ரெவே என்று போகிறவர்கள் (200 கி.மீ.யைப் பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய சமாசாரம்) ரைட் வித் ஜி.பி.எஸ்.ஸை விரும்புவதுண்டு, வழியை முன்கூட்டியே நுணுக்கமாகப் போட்டுக்கொள்ளலாம் என்பதால். உங்களுக்கு இப்போது இரண்டுமே தேவையில்லை.

யாருக்கும் காட்ட வேண்டாம், கணக்கு மட்டும் என்னிடம் இருந்தால் போதும் என்றால் ஓப்பன்ட்ராக்ஸைப் பாருங்கள். ஆண்ட்ராய்டுக்கு மட்டும். பெயர் பதிந்து பயனர் கணக்கு தொடங்க வேண்டாம், விளம்பரம் இல்லை, இணையத்தைத் தொடுவதே இல்லை. பதிவு போனிலேயே கிடக்கும். பார்க்க அழகாக இருக்காது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றை முதல் நாளே சோதியுங்கள்: உங்கள் ரைடை ஜி.பி.எக்ஸ். கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? புள்ளிகளும் நேரமும் அடங்கிய திறந்த கோப்பு அது, ஏறக்குறைய எல்லா சைக்கிள் ஆப்பும் படிக்கும். கூகுளின் மை ட்ராக்ஸ் 2016 ஏப்ரலோடு மூடப்பட்டது. ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த எண்டோமோண்டோ 2020 முடிவில் போனது. நானும் ஒரு ஆப்பில் மூன்று வருட ரைடுகளைச் சேர்த்துவைத்து, அது கைவிடப்பட்டபோது திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டவன்தான். கோப்பாக எடுக்கும் வழி அதில் இருந்ததா என்று அதற்கு முன் ஒரு நாளும் தேடவில்லை.

கலோரியையும் ஏற்றத்தையும் அதிகம் நம்பாதீர்கள். இதயத் துடிப்புப் பட்டை இல்லாமல் ஆப் சொல்லும் கலோரி, உங்கள் எடையையும் வேகத்தையும் வைத்துப் போட்ட உத்தேசம். எதிரே கடற்காற்று அடித்ததா, பின்னாலிருந்து தள்ளியதா என்று அதற்குத் தெரியாது. உயரத்தில் ஜி.பி.எஸ். இன்னும் பலவீனம். காற்றழுத்தமானி உள்ள போன் கொஞ்சம் பரவாயில்லை. மேடே இல்லாத உங்கள் சாலையில் நூறு மீட்டர் ஏறியதாகக் காட்டினால் சிரித்துவிட்டு விடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ரைடு பொதுவில் இருந்தால் கோடு தொடங்கும் புள்ளி உங்கள் வீட்டு வாசல், நேரம் நீங்கள் வீட்டில் இல்லாத நேரம். ஸ்ட்ராவா 2017 நவம்பரில் பொதுவில் இருந்த பதிவுகளைச் சேர்த்து ஒரு உலக வரைபடம் வெளியிட்டது. அடுத்த ஜனவரியில் பார்த்தால், பாலைவனத்தில் இருந்த ராணுவ முகாம்களின் நடைபாதைகள் அதில் பளிச்சென்று தெரிந்தன. தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி அதன் தனியுரிமை செட்டிங்ஸில் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். வீட்டாருக்கு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரிய வேண்டுமென்றால் வாட்ஸ்ஆப்பின் லைவ் லொகேஷனே போதும், எட்டு மணி நேரம் வரை ஓடும்.

பையில் போட்டு ஓட்டலாமா என்று கேட்டீர்களே, தாராளமாக. துணியும் ஜிப்லாக் கவரும் ஜி.பி.எஸ்.ஸைத் தடுக்காது. பையின் மேல் அறையில் வையுங்கள், டிபன் பாக்ஸுக்கு அடியில் வேண்டாம். திரை அணைந்தே இருக்கட்டும், பேட்டரியை அதிகம் தின்பது திரைதான். ஓட்டும்போதே தூரம் தெரிய வேண்டும் என்றால், ஹேண்டில்பாரில் போனை மாட்டுவதைவிடச் சக்கரத்தில் காந்தம் வைக்கும் சின்ன சைக்கிள் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் டயரில் 700 x 35 என்று எழுதியிருந்தால் ஒரு சுற்று சுமார் 2.17 மீட்டர், அதை மீட்டரில் பதிந்துவிட்டால் சுற்றை எண்ணித் தூரம் சொல்லும். அடுத்த முறை தோழியின் போனோடு தகராறு வந்தால் பஞ்சாயத்துக்கு அதையே கூப்பிடலாம்.