எகிப்தில் பெரிய பிரமிடுக்கு உள்ளே போகத் தனி டிக்கெட் எடுப்பது வீணா?

"உள்ளே வெறும் அறைதான், ஒன்றுமே இல்லை என்கிறார்கள், வயதான பெற்றோரோடு போகிறோம், எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்களால் முடியுமா என்பதுதான் உங்கள் கவலை, உங்களால் முடியுமா என்று யோசித்திருக்க மாட்டீர்கள். நானும் யோசிக்கவில்லை.

2023 ஜனவரியில் அப்பாவோடு போனேன். அப்பாவுக்கு அப்போது 66 வயது. சாத்தூர் பக்கம் நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். கெய்ரோ விமான நிலையத்திலிருந்தே "உங்களுக்கு மூச்சு வாங்கும், வெளியே உட்காருங்க, நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, சரி வரட்டும் என்று ஆளுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். வளாகத்துக்குள் நுழைய ஒன்று, பிரமிடுக்குள் போக இன்னொன்று, நினைவிருக்கட்டும்.

முதலில் வருவது பழைய காலத்தில் கல்லைக் குடைந்து போட்ட சுரங்கம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதிலிருந்து ஆண்ட கலீஃபா அல் மஃமூன் குடையச் சொன்னது என்பார்கள். அது வரை நிமிர்ந்து நடக்கலாம். அப்புறம் ஏறுபாதை. நாலு அடி உயரம், மூன்றரை அடி அகலம், நெடுக 130 அடி, செங்குத்தான சரிவு. பலகையில் குறுக்குச் சட்டம் அடித்திருக்கிறார்கள், அதில் காலை ஊன்றிக் குனிந்தபடியே ஏற வேண்டும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதே வழி. பாதியில் எதிரே ஒரு கூட்டம் வந்து நின்றுவிட்டது. முன்னால் ஒருவர் முதுகு, பின்னால் ஒருவர் மூச்சு, வியர்வை நாற்றம், வெளியே குளிர்காலம், உள்ளே அடுப்படி. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. "அப்பா, நான் திரும்பறேன்" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இந்தா, இதையும் பிடி, பையில இருந்து விழுந்துரும்" என்று தன் செல்போனைப் பின்பக்கமாக நீட்டினார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெற்ற அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வந்தாயா என்று யாரும் கிளம்ப வேண்டாம். எங்கள் குழுவில் இன்னும் நாலு பேர் அவரோடு இருந்தார்கள். எனக்கு லிஃப்ட் பயம்கூடக் கிடையாது, இப்படி ஆகும் என்று யார் கண்டது?

முக்கால் மணி நேரம் கழித்துச் சட்டை நனைந்து வந்தார். வந்ததும் வராததுமாக, "ஏறுபாதை முடிஞ்சதும் ஒரு உயரமான நடை இருக்கு பாரு, ரெண்டு பக்கமும் கல்லு ஏழு வரி, ஒவ்வொரு வரியும் கீழ் வரியை விட நாலு விரக்கடை உள்ள தள்ளி வச்சு மேல ஒடுக்கிட்டு வந்திருக்கான்" என்றார். அந்த நடையைத் தாண்டி வரும் அரசன் அறையில் ஒரு எழுத்தோ படமோ இல்லையாம், கூரையில் விரிசல் இருக்கிறதாம், மூடி இல்லாத கருங்கல் சவப்பெட்டி ஒன்று மூலை உடைந்து கிடக்கிறதாம். "அந்தப் பெட்டி நாம போன வழியா ஏறியிருக்காதுடா. சுவரு எழுப்பும்போதே உள்ள வச்சுட்டு மேல கல்லைப் போட்டு மூடியிருக்கான்."

ஹோட்டலுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்தப் பெட்டி ஏறுபாதையின் கீழ்வாயை விடக் கொஞ்சம் அகலம், ஆகவே கட்டும்போதே வைத்திருக்க வேண்டும் என்றுதான் ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். அறைக் கல் அத்தனையும் சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி அஸ்வானிலிருந்து நைல் வழியாக வந்த கருங்கல். அதைச் சொன்னதும் அப்பா "படகுலயா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

இவ்வளவு தூரம் கூட்டிப்போன டூர்காரர் பிரமிடுக்கு ஒதுக்கியது மொத்தம் ஒன்றரை மணி நேரம். பாப்பிரஸ் கடைக்கும் அத்தர் கடைக்கும் மூன்று மணி நேரம்! கேட்டால் "புரோகிராம் சார்" என்கிறார். ஊருக்கு வந்தால் சித்தப்பா, "இந்தக் காசுக்கு அண்ணனைக் காசிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா புண்ணியமாவது கிடைச்சிருக்கும்" என்கிறார். அண்ணன் மேல் அவ்வளவு அக்கறை இருப்பவர், வீட்டுப் பாகப் பிரிவினையில் கிணற்றுப் பக்கத்தை விட்டுக்கொடுத்திருக்கலாம். அது வேறு கதை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வண்ண ஓவியம் பார்க்கத்தான் ஆசை என்றால் இங்கே எடுக்காதீர்கள், லக்சரில் அரசர் பள்ளத்தாக்குக்குப் போங்கள். அங்கே பொது டிக்கெட்டில் மூன்று கல்லறை பார்க்கலாம். ஆறாம் ராம்செஸ் கல்லறைக்குத் தனி டிக்கெட், ஆனால் அதன் கூரைக்காகவே கொடுக்கலாம். கட்டுமானத்தில் ஆர்வம் உள்ளவர் வீட்டில் ஒருவர் இருந்தால் பிரமிடுக்குள் கண்டிப்பாக அனுப்புங்கள். இதய நோய், ஆஸ்துமா இருந்தால் வேண்டாம். உள்ளே கழிப்பறை கிடையாது, போய்விட்டே வரிசையில் நில்லுங்கள்.

அப்புறம், போகிறவர் கையில் ஒரு செல்போன் இருக்கட்டும். உள்ளே எடுத்த படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. இரண்டு போனும் வெளியே என் மடியில் இருந்தன.