எம்.ஆர்.ஐ. அறைக்கு மகளை அனுப்பத் தயங்கும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உயர்தரப் பரீட்சையில் மகளின் இசட் புள்ளி மருத்துவபீட வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ரேடியோகிராபி, அதாவது நோயறிய உடலின் உள்ளே படமெடுக்கும் துறை, படிக்கக் கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இயந்திரமே எல்லாம் செய்யும் காலத்தில் இவளுக்கு அங்கே என்ன வேலை என்பது உங்கள் பயம்.

வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மண் மங்கிக் கிடக்க, வாய்க்காலில் புதிதாக வரும் நீர் மட்டும் வெயிலில் பளிச்சிடும். வலிய காந்தத்தாலும் வானொலி அலையாலும் உடலின் உள்ளே படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரம் இரத்தக்குழாயைப் படம் பிடிக்கும் ஒரு முறை ஏறத்தாழ இதுதான். வானொலி அலை அடுத்தடுத்துப் பட்டு, அசையாத தசையின் சமிக்ஞை சோர்ந்துவிடும். புதிதாகப் பாய்ந்துவரும் இரத்தம் ஒளிரும். ஆனால் இரத்தம் மெதுவாக ஓடினாலோ, ஒடுங்கிய இடத்தைத் தாண்டிச் சுழித்தாலோ அந்த ஒளி மங்கும். பாதி அடைத்த குழாய் முழுதும் அடைத்ததுபோலத் தெரியலாம். அதைக் கண்டு சந்தேகப்படுவதற்குப் பௌதிகவியல் தெரிந்த ஆள் வேண்டும்.

முன்னேற்றம் இந்தத் தேவையைக் கூட்டியிருக்கிறது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குச் படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் சிலவகைக் கடோலினிய மருந்துகள் தோலை இறுக்கும் கொடிய நோயைத் தரலாம் என்பது 2006இல் தெரியவந்தது. வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய் இத்தனை குடும்பங்களை வாட்டும் நாட்டில், மருந்தேற்றாமல் குழாயைக் காட்டும் முறைகள் எவ்வளவு பெரிய ஆறுதல்! குறைந்த தரவிலிருந்து முழுப்படத்தை மீட்டெடுக்கும் கணித முறைகள் ஸ்கான் நேரத்தைச் சுருக்கியிருக்கின்றன. இதயம் துடிக்கத் துடிக்க இரத்தம் ஓடும் திசையையும் வேகத்தையும் காட்டும் படமும் வந்துவிட்டது. எந்த நோயாளிக்கு எந்த முறை பொருந்தும் என்பதை வைத்தியரோடு சேர்ந்து பார்ப்பவர்களில் உங்கள் மகளும் ஒருத்தியாக இருப்பாள்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. போரில் பட்ட செல் (எறிகணை) துண்டை உடம்பில் சுமந்துகொண்டு, காலப்போக்கில் அதையே மறந்துபோன முதியவர்கள் இருக்கிறார்கள். படிவத்தில் "உலோகம் இல்லை" என்று குறித்திருப்பார்கள். கண்ணுக்குள் சிறு இரும்புத்துண்டு இருந்தாலும் அந்தக் காந்தம் அதை அசைத்துப் பார்வையைப் பறிக்கக்கூடும். "ஐயா, எப்போதாவது செல்லடி பட்டதா? துண்டை எடுத்தார்களா?" என்று பக்கத்தில் இருந்து, பொறுமையாக, நம் தமிழில் கேட்க ஒரு பிள்ளை வேண்டும் அம்மா.

மருத்துவபீடம் கிடைக்காததற்கு ஆறுதலாக மட்டும் இதை எண்ணாதீர்கள். எம்.ஆர்.ஐ.க்காக 2003இல் மருத்துவ நோபல் பெற்ற லௌற்றர்பர் இரசாயனவியலாளர், மான்ஸ்ஃபீல்ட் பௌதிகவியலாளர். இருவருமே வைத்தியர்கள் அல்லர்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் இந்தக் கற்கைநெறிக்கான தகைமைகளை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். விருப்ப வரிசையில் இதை எங்கே போடுவது என்பதை அவள் சொல்லட்டும். பெறுபேற்றுத் தாளோடு சனிக்கிழமை காலை வாருங்கள். படிவத்தை நிரப்பமுன் ஒருமுறை பார்த்துவிடுவோம்.